கழுத்தைக் காட்டி யோசனை கேட்பவர்

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறி நாலு பேரைக் கவனித்தால் அதில் ஒருவர் படந்தூக்கியாக இருப்பார். அடையாளம் சுலபம்: கழுத்தில் வெள்ளைப் பட்டை, கக்கத்தில் மதுரையில் எடுத்த ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை, முகத்தில் யாராவது விசாரிக்கமாட்டார்களா என்ற ஏக்கம். விசாரித்துவிட்டால் போதும், படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எதிராளி தபால்காரரா தவில்காரரா என்றெல்லாம் பாராமல், "நீங்க என்ன சொல்லுதிய?" என்பார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த உறையின் மூலை குத்திக் குத்தி என் கக்கம் காய்த்துப்போயிருந்தது.

பாளையங்கோட்டை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது. முன்பக்கம் திறந்து தட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் ஒரு துண்டு வெட்டி அங்கே வைக்கலாம். அல்லது பின்பக்கமாக நரம்பு வரும் வழியை அகலப்படுத்தலாம். எனக்கு முன்பக்கம்தான் சரி. வலது கையில் பலம் குறைகிறது. தள்ளிப்போட்டால் போன பலம் திரும்பாது.

நான் படத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாங்கு குமாஸ்தா பின்பக்கம் என்றார். சம்பந்தி முன்பக்கம் என்றார், ஆனால் வளர்பிறையில். ஒருவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்து, கோளாறு இடுப்பில்தான் என்றார். அவரிடம் அரைமணி நேரம் விவரம் கேட்டேன். கடைசியில் உரக்கடை பூதத்தான் அண்ணாச்சி.

"கழுத்தைக் கீறப் போறீராக்கும்? பாவநாசம் அருவியில போயி நில்லும்வே. தண்ணி தபதபன்னு விழும்லா, நரம்பு பைய எடத்துல போயி உக்காந்துரும்."

விரலால் அமுக்கினாலே துள்ளுகிறவனுக்குச் சொல்லும் யோசனையா இது? எனக்கு அதுதான் பிடித்தது. கத்தி இல்லையே!

தண்ணீர் பிடரியில் விழுந்ததும் தோளிலிருந்து விரல் நுனி வரை மின்சாரம் ஓடியது. கரையேறிச் சட்டையை மாட்டினேன். பித்தான் விரலில் நிற்கவில்லை.

கூட வந்திருந்த என் மனைவி காமாக்ஷி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"இன்னும் யாரைக் கேக்கணும்? சொல்லுங்கோ."

"டாக்டரை."

"அப்பாடா! அவரும் உங்க ஜாபிதாவிலே இருக்காரா?"

அந்த வாரமே முன்பக்கம் திறந்தார்கள். வலி போயிற்று. கையின் பலமும் பெரும்பாலும் திரும்பியது. பித்தான் மட்டும் இன்றும் காமாக்ஷிதான் போடுகிறாள், கழுத்துப் பித்தானைக் கொஞ்சம் இறுக்கமாகவே.

இதைப் படித்துக்கொண்டே பிடரியைத் தடவிப் பார்த்தீர்களே, எனக்குத் தெரியும். வலித்தால் நேரே டாக்டரிடம் போங்கள், கண்டவரைக் கேட்காதீர்கள். போகிற வழியில்தான் எங்கள் வீடு. படத்தை மறக்காமல் கொண்டுவாருங்கள். எங்கள் ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழும்.