எங்கள் இருட்டு அக்கா

ஒரகடத்தில் சூரியனோடு சொந்தப் பகை வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் இருட்டு அக்காதான். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

கார் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருந்த சின்ன ஆராய்ச்சிக்கூடம் எங்களுடையது. அக்கா அங்கே விஞ்ஞானி; நான் சாமான் வாங்கிப் போடுகிறவள். அவர் தயாரித்த மூலக்கூறு, செல்லுக்குள் டி.என்.ஏ.வில் குறித்த இடத்தைத் தேடிப்போய் உட்காரும். பிறகு நீல வெளிச்சம் பட்டால் அந்த இடத்தை மட்டும் மாற்றும். உட்காருவதற்கு முன்பே வெளிச்சம் பட்டுவிட்டால், போச்சு.

அதனால் அவர் அறையில் மங்கலான சிவப்பு பல்பு மட்டும். ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். குப்பி, தட்டு எதுவானாலும் அலுமினிய ஃபாயில். நான் அதை வாங்கிய வேகத்தைப் பார்த்து பிள்ளைப்பாக்கம் கடைக்காரர், "இன்னாம்மா, பிரியாணிக் கடை போட்டுகினியா?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் தன் மோர் பாட்டிலுக்கும் அக்கா ஃபாயில் சுற்றிவிடுவார். அதை யாரும் தொடமாட்டோம். குடித்து வால் முளைத்தால் யார் பதில் சொல்வது?

ஒருநாள் முதலாளி பார்வையிட வந்தார். பல மாத உழைப்பு அப்போது மேசைமேல் திறந்த தட்டில் இருந்தது.

"என்னம்மா, ரூமை இப்படி இருட்டா வச்சிருக்க?" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் பின்னாலிருந்து "சார்..." என்பதற்குள் விளக்கு எரிந்தது.

அதற்கும் முன்பே அக்கா தட்டுக்கு மேலே குனிந்து, தன் வெள்ளைக் கோட்டைக் கூடாரம்போல் விரித்து மூடிவிட்டிருந்தார்.

"ஐயையோ, உடம்பு சரியில்லையா?" பதறினார் முதலாளி.

"நான் நல்லாத்தான் இருக்கேன் சார். லைட்டை அணைச்சா இதுவும் நல்லா இருக்கும்."

அணைத்தார்.

"அப்படியே கதவையும் சாத்திக்கினு போயிடுங்க சார்."

போய்விட்டார்!

அன்று சாயங்காலம் அக்காவே நீல விளக்கைப் போட்டார். வாரக் கடைசியில் முடிவு வந்தது. குறித்த இடம் மட்டும் மாறியிருந்தது. பக்கத்தில் எதுவும் அசையவில்லை. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடி, சரியாத்தானே கீது?"

எனக்கு அதில் ஒரு புள்ளிகூடப் புரியவில்லை. "கரெக்டா கீதுக்கா" என்றேன். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். என் நிறுத்தம் வந்தது.

"எறங்கலியாம்மா?" என்றார் டிரைவர்.

உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அக்கா இறங்கும் வாலாஜாபாத் வரைக்கும் போய்விட்டு, வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.