தண்ணி லாரியின் சாட்சி

எங்கள் கால்பந்து அணியின் கோப்பில் ஒரு புகார்க் கடிதம் இருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்த முதல் ஞாயிறு கைக்கு வந்தது என்று, செயலாளர் என்ற முறையில், மேல் ஓரத்தில் குறித்திருக்கிறேன். எழுதியவர் திருவிடந்தைப் பக்கத்து மீனவர் அணியின் கேப்டன் தேசப்பன். எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் மீது ஒன்பது குற்றச்சாட்டுகள்: காலை வாரியது, தோளால் இடித்தது, விழுந்தவரைப் பார்த்து நடிக்காதே என்றது, இப்படி. பத்தாவது மட்டும் வேறு கையெழுத்து: 'இரண்டாம் பாதியில் ஏழாம் நம்பரை முழங்கையால் குத்தினது விட்டுப்போச்சு.'

அதை எழுதிச் சேர்த்தவர் குற்றம் சாட்டப்பட்டவரேதான். கடிதத்தைத் தேசப்பன் அவரிடமே கொடுத்தனுப்பியிருந்தார். வேறு யாரிடம் கொடுத்தாலும் வந்து சேராது என்று நினைத்தாராம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை, தன் மீதான புகாரைப் படித்து, குறை தீர்த்து, தானே கொண்டுவந்து கொடுத்த ஆட்டக்காரர் இவர் ஒருவர்தான் என்று துணிந்து சொல்வேன்.

அவர் பெயர் தண்ணி லாரி. பெற்றோர் வைத்த பெயர் அணிப் பட்டியலில் மட்டும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் தண்ணீர் லாரி வந்தால் யாரும் ஹாரனுக்காகக் காத்திருப்பதில்லை, தானாக ஒதுங்குவார்கள். மைதானத்தில் இவருக்கும் அதே மரியாதை. மற்ற ஆறு நாளும் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விற்பார். "இந்தக் கலரு வோணாங்க்கா, ரெண்டு தண்ணியில போயிடும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லுவார். முதலாளி இரண்டு முறை அவரை வேலையை விட்டு அனுப்பினார். திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பங்கள், உண்மை சொல்கிற அந்த ஆள் எங்கே என்று விசாரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போயின. இரண்டு முறையும் முதலாளியே வீடு தேடிப் போய் அழைத்து வந்தார்.

கால்பந்தில் அப்படி யாரும் தேடி வருவதில்லை. இவர் ஒருவரை இடித்துத் தள்ளுவார். விசில் ஊதுவதற்குள் கையைத் தூக்கி, "நாந்தான் சார்" என்பார். நடுவர்களுக்கு அவரைப் பிடிக்கும். பாதி வேலை மிச்சம்.

மாசி மாதம் ஓர் அரையிறுதி ஆட்டம். எங்கள் கோல் எல்லைக்குள் பந்து இவர் கையில் உரசியது. நடுவர் பார்க்கவில்லை, எதிரணி பார்க்கவில்லை, பந்துக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இவர் நேராக நடுவரிடம் போய், "சார், கைல பட்டுச்சி" என்றார். பெனால்டி. தோற்றோம். எங்கள் கேப்டன் முரளி மதுரைக்காரர், கடற்கரையோர டவுன்ஷிப்பில் இன்ஜினியர், குரல் உயர்த்தாதவர். அன்று பூட்ஸைக் கழற்றி வீசினார்.

"இடிக்கிறதும் நீ, போய்ச் சொல்றதும் நீயாய்யா?"

"பட்டுச்சி, சொன்னேன். இதுல இன்னா கீது?"

மறுவாரம் குழு தீர்மானம் போட்டது. அடுத்த ஆட்டத்தில் இவர் முரட்டுத்தனமோ இவர் வாயோ அணிக்கு நஷ்டம் வைத்தால் பெயர் நீக்கம். குறிப்பேட்டில் எழுதியவன் நான். எழுதி முடித்ததும் அவர் மெதுவாக என்னிடம் வந்தார். "சார், ஞாயித்துக்கெழம ஆட்டம் இல்லன்னா, மீதி ஆறு நாளு பொடவ மடிக்க எனக்குத் தெம்பு ஏது?" என்றார்.

அடுத்த ஆட்டம் தேசப்பனின் அணியோடு, அவர்கள் ஊரில், சவுக்குத் தோப்பை அடுத்த மணல் மைதானத்தில். கோல் கம்பங்கள் இருந்தன. வலை கடலுக்கு வேலைக்குப் போயிருந்தது.

முதல் பாதியில் எங்கள் லாரி, சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆடினார். பந்தோடு வந்தவர்களுக்கு வழிவிட்டார். ஒருவர் தடுக்கி விழப் போனபோது தாங்கிப் பிடித்தார். அந்த நபரே நிமிர்ந்து ஓடிப் போய் கோல் போட்டார். தேசப்பனுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.

"அண்ணாத்த, ஒடம்பு சரியில்லியா? இன்னா இப்டி ஆடிக்கினு கீற?"

இடைவேளையில் முரளி என்னைத் தனியே அழைத்து, தீர்மானத்தைப் பாதி ஆட்டத்துக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார். விதிகளில் இடமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பாருங்கள் சார் என்று என்னைத் திருப்பி நிறுத்திவிட்டு, லாரியிடம் சொன்னார்: "போய் மோதுய்யா."

அதன்பின் அந்தப் பக்கத்தார் யாரும் எங்கள் கோலை நெருங்கவில்லை. நெருங்கிய இருவர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்கு ஒரு மஞ்சள் அட்டை. தீர்மானப்படி பாதிப் பெயர் அங்கேயே போயிற்று.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்குக் கார்னர். இவரும் முன்னே ஓடி, கம்பத்தை ஒட்டி நின்றார். முரளி உதைத்தார். ஒரே புழுதி. கோல்கீப்பர் குப்புற விழுந்து பந்தை வாரி இழுத்தார். கோல் என்றோம் நாங்கள், இல்லை என்றார்கள் அவர்கள். நடுவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மண் விழுந்துவிட்டது, பார்க்கவில்லை என்றார். படகோரம் இருந்தவர்கள் எழுந்து வர ஆரம்பித்தார்கள். எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

தேசப்பன் இரு கைகளையும் விரித்துத் தன் ஆட்களை நிறுத்தினார். "சும்மா இருங்கடா. லாரி அண்ணன் கம்பத்தாண்டதான நின்னாரு? அவரு சொல்லட்டும். அவரு சொன்னா சரி."

எங்கள் ஆட்களில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த வாய் எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தப் பதிலில் இருந்தன. அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். முரளியை ஒருமுறை பார்த்தார்.

"தாண்டிச்சி. ஒரு சாண் உள்ள."

விசில். எதிரணியில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த கோல்கீப்பர் எழுந்து சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டார். ஒன்றுக்கு ஒன்று, சமன்.

திரும்பும் பேருந்தில், பெயர் நீக்கம் பற்றி என்ன எழுதட்டும் என்று முரளியிடம் கேட்டேன். "யாரு பேரு?" என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லாரி பின் இருக்கையில் யாரோ ஒருவரிடம், உன் ஆட்டம் இன்றைக்குச் சுத்த மோசம் என்று விளக்கிக்கொண்டு வந்தார்.

பந்து உண்மையில் கோட்டைத் தாண்டியதா? நான் மைதான ஓரத்தில், நடுக்கோட்டுக்கு நேரே நின்றேன். மணலில் போட்ட கோடு அந்தத் தள்ளுமுள்ளிலேயே அழிந்துவிட்டது. குறிப்பேட்டில் அந்த கோலுக்கு நேரே 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். யாரோ கைப்பேசியில் வீடியோ எடுத்ததாகத் தேசப்பன் பிறகு சொன்னார், வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன்.