படித்தால் பலிக்காத புத்தகம்

நகரி பஸ் ஸ்டாண்டில் அந்த முகம். புத்தூர் ரயில்வே கேட் பக்கத்தில் அதே முகம். நாகலாபுரம் கடைத்தெருவில் பால் பூத் ஷட்டரை இறக்கினால் அதிலும் அதே முகம். கோட்டு, டை, நெற்றியில் குங்குமம். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் மஞ்சள் பட்டு சுற்றிய புத்தகம். ஆந்திர எல்லை அல்லவா, கீழே தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை: "படிக்காதீர்கள்! லீடர் ஆகுங்கள்!"

இதைவிட நல்ல செய்தி நம் ஜனத்துக்கு வேறென்ன வேண்டும்? படிக்கச் சொன்னால்தான் நமக்குத் தூக்கம் வரும். படிக்கவே வேண்டாம், தலைவன் ஆகிவிடலாம் என்றால் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட மாட்டோமா? வந்தார்கள். புத்தூர் கல்யாண மண்டபம் கொள்ளவில்லை. வாசலில் செருப்பு மட்டும் ஒரு மலை.

முகத்தின் சொந்தக்காரர் பெயர் கிரண்குமார். நாயுடுபேட்டை ஹைவே ஓரம் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது கிரண்ஜி. ஒரு 'ஜி' சேர்ந்தால் ஆள் எப்படி உயர்ந்துவிடுகிறார் பாருங்கள்!

"அந்தரிக்கீ நமஸ்காரம்! எல்லாருக்கும் வணக்கம்!" என்றார் கிரண்ஜி. "உலகத்துல பிசினஸ் புக்கு, லீடர்ஷிப் புக்கு எத்தனையோ இருக்கு. படிச்சவன் எல்லாம் கோடீஸ்வரன் ஆயிட்டானா? ஆகல. ஏன்? கண்ணு வழியா படிச்சா பாதிதான் மூளைக்குப் போகும். உச்சந்தலை வழியா போனா ஃபுல் டவுன்லோடு! உலகத்து லீடர்ஷிப் புக்கு அத்தனையும் பிழிஞ்சு சாறெடுத்து இந்த ஒரே புக்குல வெச்சிருக்கேன்."

மண்டபம் கைதட்டியது. மண்டபம் தட்டுமுன்பே ஸ்பீக்கரும் தட்டியது. அவருடைய உதவியாளன் சுதீர், கைதட்டல் சத்தத்தை லேப்டாப்பில் பதிந்து வைத்திருந்தான்.

விதிகள் மிகச் சுலபம். புத்தகத்துக்கு ஏழு முடிச்சு. அவிழ்க்கக் கூடாது. ராத்திரி தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். காலையில் தலைமேல் வைத்துக்கொண்டு "நான் லீடர்" என்று சொல்ல வேண்டும். முடிச்சை அவிழ்த்தால் எழுத்தெல்லாம் மாயமாகி வேறு ஏதோ ஆகிவிடும். சந்தேகப்பட்டால் பலிக்காது. படித்தால் சுத்தமாகப் பலிக்காது.

கடைசியில் திருப்பதியில் பெரிய விழா. அங்கே கிரண்ஜி ஒவ்வொருவருடைய புத்தகத்தின் மேலும் கை வைப்பார். பிரிக்காமலே உள்ளே உங்களுக்கென்று எழுதிய பக்கத்தை விரலால் படித்துச் சொல்வார். பக்கம் வந்துவிட்டால் நீங்கள் 'டைமண்ட் லீடர்'. அதற்கு ஒரு காணிக்கை உண்டு. அதன் பெயர் காணிக்கை இல்லை, 'முதலீடு'.

முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் கோவர்த்தனன். விஜயபுரம் பக்கத்து வேர்க்கடலை விவசாயி. நல்ல மனுஷன். யாரையும் ஏமாற்றத் தெரியாது, ஏமாறத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறினார்.

மறுநாளே வீட்டில் ஆட்சி மாறியது. மனைவி ஸ்வர்ணலதா 'டீம் மெம்பர்' ஆனாள். கொட்டகையிலிருந்த எருமை 'அசெட்' ஆனது. பொழுது விடிந்தால் தலையில் புத்தகத்தோடு கொட்டகை முன் நின்று, "நான் லீடர், நான் லீடர்" என்பார். எருமை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலுக்குப் போய்விடும். அந்த வீட்டில் அதற்குத்தான் நிதானம் அதிகம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று வந்தது.

"லதா, திருப்பதி மீட்டிங்குக்கு முதலீடு வேணும். விதைக்காய் மூட்ட இருக்குதில்ல, அத்த புத்தூர் யாபாரிகிட்ட சொல்லிட்டேன். பக்கம் வந்த பின்னாடி கட்டினா போதுமாம், மீட்டிங் முடிஞ்ச மறுநாள் வண்டி வருது."

ஸ்வர்ணலதா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். விதைக்காய் என்றால் அந்தப் பக்கத்தில் என்ன என்று சொல்ல வேண்டும். அறுவடையில் நல்ல காயாகப் பொறுக்கி, காயவைத்து, தனியாகக் கட்டிவைப்பது. பிள்ளை அழுதாலும் அதிலிருந்து ஒரு காய் உடைத்துத் தரமாட்டார்கள். அது போனால் அந்த வருஷம் நிலம் சும்மா கிடக்கும். ஆனி மழை ஒன்று பெய்தாகிவிட்டது. அடுத்த மழைக்கு விதைக்க வேண்டும்.

"யஸ்வந்து நைனா, இன்னா பேசிக்கினு கீறீங்க? விதைக்காய வித்துட்டு இன்னாத்த விதைப்பீங்க? புக்கையா?" மகன் பெயரைச் சொல்லித்தான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

"உன் மைண்ட்செட் மாறணும் லதா. லீடர் விதைக்க மாட்டான். விதைக்க வைப்பான்."

"யார வெச்சு? எருமைய வெச்சா?"

கோவர்த்தனன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நெகட்டிவ் ஆட்களோடு பேசக் கூடாது என்று கிரண்ஜி சொல்லியிருந்தார். ஸ்வர்ணலதாவுக்கு அழுகை வந்தது. அழுதால் கேட்கிற ஆள் இல்லை என்பதும் தெரிந்தது. மூட்டை இருந்த அறைக்குள் போனாள். பிறகு ஒரு பிடி விதைக்காய் எடுத்து உரித்து, நனைத்த கோணித்துண்டில் முடிந்து மூலையில் வைத்தாள். விதைப்புக்கு முன் எல்லா வீட்டிலும் செய்வதுதான். முளைத்தால் நிலத்துக்கு. முளைக்காவிட்டால் செக்குக்கு.

வைத்துவிட்டு வெளியே வந்தவள் கேட்டாள்: "ஏங்க, நம்ம கையால பொறுக்கின விதையையே கோணில கட்டி முளைப்பு பாத்துதான் போடுறோம். அந்தக் கோட்டுக்காரர முளைப்பு பாத்தீங்களா?"

"குருவ டெஸ்ட் பண்ணக் கூடாது! பாவம்!"

"சரி, நான் பண்ணல. அவுரே நம்ம புக்கத் தொட்டு சரியா சொல்லிட்டாருன்னா, நானே மூட்டையத் தூக்கி வண்டில ஏத்துறேன். தப்பா சொன்னா மூட்டைய யாரும் தொடக் கூடாது. சரியா?"

"சொல்லுவாரு. சத்தியமா சொல்லுவாரு," என்றார் கோவர்த்தனன். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும். கறுப்பா சிவப்பா என்று பார்க்காத நம்பிக்கை.

அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து ஸ்வர்ணலதா ஏழு முடிச்சையும் அவிழ்த்தாள். கெட்டி அட்டை. உள்ளே முதல் பக்கம் மாம்பழம். புரட்டினாள். இரண்டாம் பக்கமும் மாம்பழம். கடைசிவரை மாம்பழம். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலை எதிலோ அச்சுப் பிசகிக் கழித்துப்போட்ட டப்பா லேபிள்கள்! எடைக்கு வாங்கி, வெட்டி, தைத்து, பட்டு சுற்றியிருந்தார்கள். உலகத்து லீடர்ஷிப் புத்தகங்களைப் பிழிந்த சாறு அதுதான்.

இதைப் புருஷனிடம் காட்டினால் என்ன சொல்வார்? "பாத்தியா! நீ அவுத்த, எழுத்தெல்லாம் மாம்பழமா மாறிடுச்சு!" என்பார். அதற்குத்தானே அந்த விதி. எத்தன் போடுகிற விதி எல்லாம் அவனுக்கே காவல் நிற்கும். ஸ்வர்ணலதாவுக்கு அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. லேபிள்களை உருவி எடுத்தாள். அட்டை அளவுக்கு நன்றாகக் காய்ந்த வறட்டி ஒன்றைச் செதுக்கி உள்ளே வைத்தாள். பட்டைச் சுற்றி ஏழு முடிச்சும் போட்டாள். போட்டுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

திருப்பதி மண்டபம் ஏசி. மேடையில் சிம்மாசனம், புகை மெஷின், கண்ணாடி மேஜை. முதலில் மேடையேறினார் ரங்கையா, நாயுடுபேட்டை உரக்கடைக்காரர். கிரண்ஜி புத்தகத்தின் மேல் கை வைத்தார், கண்ணை மூடினார், உடம்பைக் கொஞ்சம் உலுக்கினார்.

"நாப்பத்தோராவது பக்கம்! 'சிங்கம் தனியா நடக்கும்!' ரங்கையாகாரு, டைமண்ட்!"

ரங்கையா கண்ணீர் விட்டார். ஸ்பீக்கர் கைதட்டியது. அடுத்து லட்சுமம்மா. அவருக்கும் சிங்கம்தான், பக்கம்தான் வேறு. சிங்கத்துக்கு அன்றைக்கு ஓய்வே இல்லை.

கோவர்த்தனன் முறை வந்தது. பக்கத்தில் ஸ்வர்ணலதா. கிரண்ஜி மஞ்சள் மூட்டைமேல் கை வைத்தார். வைத்தவர் சிலிர்த்தார்.

"ஆஹா! என்ன வைப்ரேஷன்! இந்த ஹால்லயே இன்னிக்கு இதுதான் டாப்! தொண்ணூத்தாறாவது பக்கம். 'தலைவா, உன் கையில இருக்கறது மண்ணில்ல, பொன்!'"

கோவர்த்தனன் மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு ராஜா இருந்தார்.

ஸ்வர்ணலதா பணிவாக மைக்கை வாங்கிக்கொண்டாள். "சார், எழுத்து உங்க கைக்கு நல்லா தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுதும்மா."

"அச்சு எழுத்தா சார், கையெழுத்தா?"

"அச்சு. தங்க மை."

"வாசன எதனா வருதா சார்?"

கிரண்ஜி குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தார். "சந்தனம்!"

"அவ்ளோதான் சார். ரொம்ப தேங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணலதா முடிச்சை அவிழ்த்தாள். "அம்மா, வத்து, வேணாம்! அவுக்கக் கூடாது!" என்று சுதீர் ஓடிவருவதற்குள் ஏழும் அவிழ்ந்தது. அட்டையைத் திறந்து கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்தாள். தொண்ணூற்றாறாவது பக்கம் 'தொப்' என்று விழுந்து இரண்டாக உடைந்தது.

பெரிய திரையில் கேமராக்காரன் அதை நெருக்கத்தில் காட்டினான். வறட்டி. ஓரத்தில் ஒரு வைக்கோல் துரும்புகூடத் தெரிந்தது.

கிரண்ஜி சாதாரண ஆளா? சட்டென்று இரண்டு கையையும் கூப்பினார். "கோமாதா! பாத்தீங்களா லீலைய! கோமயத்துல மகாலட்சுமி குடியிருக்கா! அதான் அந்த வைப்ரேஷன்!"

முன்வரிசையில் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆமாம், போட்டுக்கொண்டார்கள்! நான் பொய் சொல்லவில்லை.

"இன்னா கோமாதா?" என்றாள் ஸ்வர்ணலதா. "எங்க வூட்ல பசுவே கெடியாது சார். இது எரும போட்டது."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் 'களுக்' என்று சிரித்தாள். அது பக்கத்து வரிசைக்குத் தொற்றியது. கிரண்ஜிக்கு முகம் சிவந்தது. "நீ முடிச்ச அவுத்துட்டம்மா! அதனால சக்தி போயிடுச்சு! பலிக்காது!"

"போயிடுச்சா? அது போனது உங்க கைக்குத் தெரியலியே சார்! இப்பதானே தங்க மைல பொன்னுன்னு படிச்சீங்க? சந்தன வாசன வேற வந்துச்சு. எரும வறட்டிக்கும் புக்குக்கும் வித்தியாசம் தெரியாத கை, எங்க தலையெழுத்த எப்படி சார் படிக்கும்?"

லட்சுமம்மா தன் புத்தகத்தின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். மாம்பழம். பக்கத்தில் இருந்தவர் அவிழ்த்தார். மாம்பழம். மண்டபம் முழுக்கப் பட்டுத் துணி பறந்தது, மாம்பழமாகக் கொட்டியது. "மா டப்பு மாக்கு இய்யி!" என்று தெலுங்கில் ஒரு கூட்டமும், "எங்க பணத்த எங்களுக்குக் குடு!" என்று தமிழில் ஒரு கூட்டமும் மேடையேறியது. பதற்றத்தில் சுதீர் எதையோ அமுக்கினான். ஸ்பீக்கர் கைதட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அந்தக் கைதட்டலோடு கிரண்ஜி சமையல்கட்டு வழியாக ஓடினார். பின்வாசலில் கார் தயாராக இருந்தது. டிரைவரும் தயாராக இருந்தான். பாவம், அவனுக்கு மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். அவன் அப்போதுதான் முடிச்சை அவிழ்த்து மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் கிளம்பவில்லை. போலீஸ் வந்துதான் கிளம்பியது.

திரும்பி வரும் பஸ் புத்தூர் தாண்டியதும் கோவர்த்தனன் மெல்லக் கேட்டார்: "யாபாரிக்கு போன் பண்ணி வண்டி வேணாம்னு சொல்லிடட்டா?"

"சொல்லுங்க லீடர்," என்றாள் ஸ்வர்ணலதா.

வீட்டுக்கு வந்து கோணித்துண்டைப் பிரித்தார்கள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் வெள்ளை வெளேரென்று முளைவிட்டிருந்தன. கோவர்த்தனன் அவற்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. அடுத்த மழைக்கு விதைத்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் உண்மையாகவே ஒரு புத்தகம் இருக்கிறது. சின்னத் தொழில் நடத்துவதைப் பற்றியது, நூலகத்திலிருந்து ஸ்வர்ணலதா எடுத்து வந்தது. அவளுடைய மகளிர் குழு கடலை மிட்டாய் போட்டு விற்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கோவர்த்தனன் உரக்கப் படிப்பார். அவள் நடுநடுவே சண்டை பிடிப்பாள். "இது சரி, நம்ம மிட்டாய்க்கு ஆவும். நாளைக்கே செஞ்சு பாக்கலாம். இது சும்மா கப்சா, அடுத்த பக்கம் திருப்புங்க."

கதை இத்துடன் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ரங்கையா இன்றும் அந்த லேபிள் கட்டைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார். "மாம்பழம்னா சும்மாவா? முக்கனியில முதல் கனி. அதுல ஏதோ குறிப்பு இருக்குது," என்கிறார். நகரி பஸ் ஸ்டாண்டில் பழைய போஸ்டர் மேல் புது முகம் ஒட்டியாகிவிட்டது. இவர் புத்தகம் தருவதில்லையாம். லீடர் பேனா தருகிறாராம், எழுதாமலே பலிக்குமாம். கூட்டம் இப்போதே நிற்கிறது.

போகிறவர்கள் போங்கள். போகுமுன் உங்கள் வீட்டில் ஒரு கோணித்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிடி கடலையை நம்பாமல் நனைத்துப் பார்க்கிற ஜனம், கோட்டுப் போட்டவனை மட்டும் நனைத்துப் பார்க்காமலே நம்பினால், புத்தகத்தைத் தாங்குவதைத் தவிர அந்தத் தலைக்கு வேறு வேலை என்னதான் இருக்கிறது?