அடிபட்டவன் வேஷம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாடகத்தில்தான் நடித்திருக்கிறேன். அதில் எனக்கு வசனம் கிடையாது. முனகல் மட்டும்தான். அந்த முனகலையும் நாடகம் நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமுன்பே ரோட்டோரத்தில் முனகித் தொலைத்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விருதுநகரில் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (வேலைக்கு எங்கள் தெரு தெரியவில்லை.) கல்லூரி ஆண்டு விழாவில் ஒருமுறை திரைச்சீலை இழுத்திருக்கிறேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு என்னைப் பெரிய நாடகக் கலைஞன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கண்ணாடி முன்னால் நான் அழுது பழகுவதைப் பொறுக்க முடியாமல் அம்மாதான் என்னை ஆயரம்மாவிடம் தள்ளிவிட்டாள்.

எஸ்தர் ஆயரம்மா சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு சின்னச் சபைக்குப் போதகர். அந்தப் பக்கத்தில் பெண் போதகர் என்பதே அபூர்வம். வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொபெட்டில் அவர் போவதைப் பார்க்க முதலில் ஜனங்கள் வாசலுக்கு வந்தார்களாம். நான் போனபோது பழகிவிட்டிருந்தது. பட்டாசு ஆலையில் எங்கே வெடித்தாலும், செத்தவர் சபைக்காரரா, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவரா என்றெல்லாம் கேட்காமல் முதல் ஆளாகப் போய் நிற்பார். இழப்பீட்டுக்காக அந்தக் குடும்பத்தோடு கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கோபப்பட மாட்டார், சத்தம் போட மாட்டார், எழுந்தும் போக மாட்டார். அந்த மூன்றாவதுதான் அதிகாரிகளால் தாங்க முடியாதது.

அவர் தோள்பையில் பைபிளும் பெயின்ட் பிரஷ்ஷும் சேர்ந்தே கிடக்கும். சிவகாசி அச்சகங்களில் கலர் பிசகிப்போன காலண்டர் தாள்களைக் கேட்டு வாங்கி வந்து ஒட்டி, பின்பக்கத்தில் படம் வரைந்து நாடகத்துக்குப் படுதாவாகக் கட்டுவார். காற்றடித்து ஓரம் மடங்கினால் பைபிளில் வரும் எரிகோ ரோட்டுக்குப் பின்னாலிருந்து காலண்டர் லட்சுமி எட்டிப் பார்ப்பாள். கூட்டத்தில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆயரம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாரே தவிர, ஓரத்தில் ஆணி அடித்ததில்லை.

பிரசங்கம் செய்தால் போதாதா, நாடகம் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "பிரசங்கத்துக்குச் சபை வரும். நாடகத்துக்கு ஊரு வரும்ல" என்றார்.

நாங்கள் அப்போது போட்டுக்கொண்டிருந்தது நல்ல சமாரியன் கதை. பைபிளில் கள்ளர் கையில் அடிபட்டவன் ஒருவன் ரோட்டில் கிடப்பான். எங்கள் நாடகத்தில் பட்டாசு ஆலையில் வெந்துபோன தொழிலாளி கிடப்பான். அந்த வழியே ஒரு போதகர் வருவார். ஜெபக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போவார். அந்தப் போதகராக நடிப்பது ஆயரம்மாவேதான், அதுவும் தன் சொந்த அங்கியைப் போட்டுக்கொண்டு. இதைப் பார்த்துத்தான் ஊர் ஜனங்கள் எங்களை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். மதம் மாற்ற வந்தவர் தன்னையே இப்படிக் கேலி செய்துகொள்வாரா? அடுத்து ஆலையின் போர்மேன் வருவார். "எங்க ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியாக உப்பு விற்கும் பெண் வந்து அவனைத் தூக்குவாள்.

எனக்கு உப்பு விற்பவளின் பாத்திரத்தை ஆணாக மாற்றி, நானே நடிக்க ஆசை. ஆயரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க உடம்புக்குத் தூக்குறதவிட, கெடக்குறதுதான் பொருந்தும் தம்பி" என்று சொல்லிவிட்டார். (அப்போது நான் உப்பு மூட்டையைவிடக் கொஞ்சம் இளைப்பு.)

ஆனால் போர்மேன் காட்சியை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அச்சங்குளம் பக்கம் ஓர் ஊரில் சனிக்கிழமை நாடகம் போடுவதாக ஏற்பாடு. அந்த ஊர்ப் பெண்கள் வேலை பார்க்கும் ஆலையின் போர்மேன், பெயர் சங்கரபாண்டி, நாடகம் பார்க்கப் போனவர்கள் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த மனிதரை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமல் எழுதினால்தான் வில்லன் நன்றாக அமைவான். முறுக்கு மீசை, ஏப்பம், கொடூரச் சிரிப்பு என்று ஒன்றையும் விடாமல் எழுதித் தள்ளினேன். ஆயரம்மா படித்துவிட்டு ஏப்பத்தை மட்டும் அடித்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சபைக் கட்டடத்தில் எனக்கு ஒப்பனை நடந்தது. மைதா பசையில் மெல்லிய தாளை ஒட்டி, காய்ந்ததும் கிழித்துவிட்டால் தோல் உரிந்தது மாதிரியே இருக்கும். அதன்மேல் விளக்குக் கரி, பீட்ரூட் சாறு. ஆயரம்மாவின் கைவண்ணத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மற்றவர்கள் படுதாவையும் மேளத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பாத்திரத்துக்குள் மூழ்க வேண்டும், அதற்குத் தனிமை வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் முன்னாலேயே நடந்தேன். வேட்டியால் முக்காடு போட்டிருந்தேன். வழியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

வெயில் கொளுத்தியது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேப்பமர நிழலைப் பார்த்ததும் முக்காட்டை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் படுத்தேன். படுத்தவன் சும்மா கிடக்காமல், ஒரு ஒத்திகை பார்ப்போமே என்று முனக ஆரம்பித்தேன். அன்று முனகல் எனக்கு அற்புதமாக வாய்த்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. கண்ணை மூடி அதை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

வேலை விட்டு வந்த இரண்டு பெண்கள். கையில் தூக்குவாளி. பெரியவள் பெயர் மாரியம்மா என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் குத்தவைத்தாள். நான் பதறிப்போய், எனக்கு ஒன்றுமில்லை, நாடகத்துக்காக வேஷம் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

அவள் இளையவளைப் பார்த்து, "தீக்காயம் பட்டவுக அப்பிடித்தான் சொல்லுவாக. எங்க மதினியும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா" என்றாள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நான் எழுந்திருக்கப் பார்க்கிறேன், நாலு கை என்னை அழுத்திப் படுக்க வைக்கிறது. நான் சொல்லச் சொல்ல, பையனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து விசிறினாள். காயத்தைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. தொட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

108 வண்டியெல்லாம் வராத காலம். என்னை ஒரு கட்டிலில் போட்டு ஆலைக் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வாட்ச்மேன், கம்பெனி வேன் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார். என் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க ஆளு இல்ல" என்றார். நான் எழுதிய வசனம். ஓர் எழுத்து மாறவில்லை. இவ்வளவு கலவரத்திலும், நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அப்போது கேட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, சாதாரண மீசை. பெண்கள் எல்லாரும் விலகி வழிவிட்டதிலிருந்தே யாரென்று புரிந்துவிட்டது. சங்கரபாண்டி என்னைப் பார்த்தார். யாருடைய ஆள், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போடாமல் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து என்னை அப்படியே இரண்டு கையாலும் தூக்கினார். அவர் பின்னால் நான், என்னைத் தாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் மாரியம்மா. வண்டி பறந்தது.

அந்த வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் போனால் வேஷம் உண்மையாகிவிடும் என்று பயந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, நான் நாடகக்காரன்" என்று கத்தினேன். காற்றில் அவருக்கு எது கேட்டதோ தெரியவில்லை.

"பேசு தம்பி, பேசிக்கிட்டே வா. தூங்கிராத. என் தம்பிய இப்பிடித்தான் கொண்டுபோனேன். பாதி வழியில தூங்கிட்டான். நீ தூங்கிராதப்பா" என்றார்.

அதற்குமேல் நாடகம் என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. ஆனால் நான் பேசாமல் போனால் அவர் பதறி வண்டியை இன்னும் முறுக்கினார். அதனால் பேசினேன். என் பெயர், அப்பா பெயர், விருதுநகரில் எந்தத் தெரு, எம்.ஏ.வில் எத்தனை பேப்பர், என்னென்ன பேப்பர். தொல்காப்பியம் வரை போய்விட்டேன். எல்லாவற்றுக்கும் "ம், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தொல்காப்பியத்தை என்னிடம் அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் அதற்கு முன்னும் பின்னும் யாருமில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈரப்பஞ்சால் என் கையை மெல்லத் துடைத்தார். தோல் மொத்தமாகக் கழன்று பஞ்சோடு வந்தது. உள்ளே என் சொந்தத் தோல் பளபளவென்று இருந்தது. நர்ஸ் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு டாக்டரிடம் நீட்டினார். டாக்டரும் முகர்ந்தார். "பீட்ரூட்" என்றார், நோய்க்குப் பெயர் சொல்வதுபோல.

சங்கரபாண்டி சட்டை முன்னும் பின்னும் சிவந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கயும் வலிக்கலையா?"

"இல்லண்ணாச்சி."

"நெசமாவே?"

"நெசமாத்தான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, பளீரென்று கன்னத்தில் ஒன்று விட்டார். "இப்ப?"

அந்த ஆஸ்பத்திரியில் அன்று எனக்குப் பட்ட ஒரே காயம் அதுதான். ஆனால் அடித்த கையால் அவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

விஷயம் தெரிந்து, படுதாவை ஊரில் இறக்கிவிட்டு, ஆயரம்மா வேனோடு வந்து சேர்ந்தார். சங்கரபாண்டி எழுந்து நின்று கேட்டார்: "நீங்க சாமிக்கு ஊழியம் செய்றீகளா, இல்ல எங்க பொழப்புல வெளையாடுறீகளா?" ஆயரம்மா ஒரு சமாதானமும் சொல்லவில்லை. தப்பு தன்னுடையது, வேஷம் போட்ட பிள்ளையைத் தனியே விட்டிருக்கக் கூடாது என்று அத்தனை பேர் முன்னால் கைகூப்பி நின்றார். என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. இந்த மனிதரைத்தான் நாங்கள் நாடகத்தில் கெட்டவராகக் காட்டப் போகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லி, அந்தக் காட்சியை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

சங்கரபாண்டி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, ஊருக்குப் போகும் பஸ் போயிருக்கும் என்று மாரியம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

இருட்டத் தொடங்கியபோது ஊருக்குள் போனோம். படுதா முன்னால் ஆண்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கதவிடுக்கில் நின்றிருந்தார்கள். போர்மேன் வண்டியிலிருந்தே அடிபட்டவன் இறங்கியதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தடுத்தவரே கொண்டுவந்து விட்ட பிறகு என்ன தடை?

எனக்கு மறுபடியும் பீட்ரூட் பூசும்போது, அண்ணாச்சி தன் தம்பியைப் பற்றி வண்டியில் சொன்னதை ஆயரம்மாவிடம் சொன்னேன். நாடகம் நடந்தது. போதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார், கூட்டம் சிரித்தது. அடுத்து உப்பு விற்பவளாக வந்தது எங்கள் சபைப் பாட்டுக் குழுவின் ஷீலா டீச்சர். அவர் என்னைத் தொடுமுன்பே கூட்டத்திலிருந்து மாரியம்மாவின் குரல் வந்தது: "தூக்குனவரு இங்கன இருக்காருல்லா. அவர விட்டுட்டு உப்புக்காரி எதுக்கு?" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டல் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து வந்தார், அதே சிவந்த சட்டையோடு. என்னைத் தூக்கினார். தூக்கியபின் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆயரம்மா, இவன எங்கன கொண்டுபோக?" என்றார்.

ஆயரம்மா அங்கியோடு ஓரத்தில் நின்றிருந்தார். கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "அதத்தான் அண்ணாச்சி நாங்களும் கேக்குறோம். இங்கன ஆஸ்பத்திரி இல்ல. கேட்டுல வண்டி இல்ல. உங்க தம்பிய எங்கன கொண்டுபோனீக?"

யாரும் சிரிக்கவில்லை. சங்கரபாண்டி என்னைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து நின்றார். நாடகம் அங்கேயே முடிந்துவிட்டது. நாங்கள் எழுதி வைத்திருந்த முடிவுப் பாட்டைப் பாட ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை யாருக்கும் வேலை போகவில்லை. அதற்கப்புறம் பெண்கள் முன்னால் போக, சங்கரபாண்டியும் கூடப் போய் முதலாளியிடம் பேசினார். முதலாளி வீட்டு வராந்தாவில் ஆயரம்மா தன் வழக்கப்படி உட்கார்ந்துகொண்டார். பல தடவை போன பிறகு, வேலை நேரத்தில் கேட்டில் எப்போதும் ஒரு வண்டி நிற்க ஏற்பாடாயிற்று. அதனால் விபத்தே இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் அந்த வண்டியில் போய் உயிரோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாடகத்தால் இவ்வளவு நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆயரம்மா மட்டும் நம்பினார். அவர் இல்லையென்றால் அன்று நடந்தது வெறும் கூத்தாகப் போயிருக்கும்.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். ஆசீர்வாதம் செய்தது ஆயரம்மாதான். வரவேற்பில் சங்கரபாண்டி அண்ணாச்சி மேடையேறி என் தோளில் கைபோட்டுப் போட்டோவுக்கு நின்றார். எப்படிப் பழக்கம் என்று என் மனைவி கேட்டாள். "ஒருக்கா தூக்கியிருக்கேம்மா" என்றார். குழந்தையில் தூக்கி வளர்த்த உறவுக்காரர் போல என்று நினைத்து அவள் காலில் விழுந்து கும்பிட்டாள். பிறகு எழுந்து, அப்போது இவர் எப்படி இருந்தார் என்று ஆசையாகக் கேட்டாள்.

"மீசையோடதாம்மா இருந்தாரு" என்றார் அண்ணாச்சி.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவருக்குத் 'தூக்குன தாத்தா' என்றுதான் பெயர். அவர் வரும்போதெல்லாம் என் மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, "அப்பாவ இன்னொருக்கா தூக்கிக் காட்டுங்க தாத்தா" என்கிறாள். அவர் என் இப்போதைய தொப்பையைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.