பூட்டு அண்ணனுக்கு வந்த சாப்பாடு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டாலும் சரி, பூட்டு அண்ணன் அளவுக்கு மனிதனை எரிச்சல்படுத்தக்கூடிய இன்னொரு ஆள் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். அவரோடு விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

தம்போயில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீடியோ கேம் கடை. ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, திரையில் நிற்கும் இரண்டு பயில்வான்களைச் சண்டை போட வைக்க வேண்டும். எனக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் வராத நாளெல்லாம் அங்கேதான் கிடப்பேன். பூட்டு அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

அவர் ஆட்டம் இவ்வளவுதான். ஆரம்பித்ததும் ஒரே ஒரு உதை கொடுப்பார். அதற்குப் பிறகு பூட்டிக்கொள்வார். மேலே அடித்தால் நின்று தடுப்பார், காலில் அடித்தால் குனிந்து தடுப்பார், பிடித்துத் தூக்கப் போனால் உதறிவிடுவார். நேரம் முடியும்போது யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவருக்குத்தான் வெற்றி. அந்த ஒற்றை உதை வித்தியாசத்தில் எல்லாரையும் ஜெயித்துவிட்டு எழுந்து போய் பால் கலக்காத தே ஓ டீ வாங்கிக் குடிப்பார். இதெல்லாம் ஒரு ஆட்டமா?

உலு திராமிலிருந்து பெரிய போட்டிகளில் ஆடுகிறவன் ஒருவன் வந்தான். அண்ணனை மூலையில் தள்ளி மூச்சு வாங்க அடித்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. கடைசியில் கன்ட்ரோலரைத் தரையில் வீசி, கடை முதலாளி தவுக்கேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அண்ணன் கொட்டாவி விட்டார். எப்படித்தான் பதறாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மூலையில போட்டு அடிக்கிறப்ப, பயத்துல கண்ட பட்டனயும் அமுக்குவோம் பாரு, அப்பதான் அடி உள்ள வரும். கைய சும்மா வச்சிரு. அடிக்கிறவனுக்கும் கை வலிக்கும்லா."

இப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தார். பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவதுபோல ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டிருந்தார். காலில் வேலை பூட்ஸ். மறுநாளும் வந்தார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. விடியும் முன்பே வழக்கம்போலக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி, கடை திறக்கும்வரை ஒர்க்‌ஷாப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். மனைவி பயந்த சுபாவமாம், தெரிந்தால் தாங்க மாட்டாராம்.

"இன்னொரு வேலை கெடைச்சதும் சொல்லிருவேன். அதுவரைக்கும் தடுத்துகிட்டா போதும்," என்றார்.

கேட்ட இடத்திலெல்லாம் வேலை இல்லை என்றார்கள். அண்ணனுக்கு வயது வேறு ஏறியிருந்தது.

மனைவி போன் செய்தால் கீழே ஓடிப்போய் ஒர்க்‌ஷாப்பில் தகரம் தட்டுகிற இடத்தில் நின்று பேசுவார். ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்கு லீவு. போன் அடித்தது. அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் ஒரு நாற்காலியை எடுத்து இரும்புக் கதவில் மோதினேன். கடையில் இருந்தவர்களும் ஆளுக்கொன்றைத் தட்டினார்கள். தவுக்கேகூட அலமாக் என்று தலையில் அடித்துக்கொண்டே தன் தகர டப்பாவைத் தட்டினார். கப்பலையே உடைத்திருப்போம். போனை வைத்த பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து நானும் அண்ணனும் ஆடிக்கொண்டிருந்தோம். வழக்கமான உதையைக் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். படியேறி ஒரு அம்மா வந்து நின்றார். கையில் சாப்பாட்டு டப்பா.

"என்னங்க, சாப்பாட்ட மேசையிலயே வச்சிட்டு வந்துட்டீங்க."

அண்ணன், "நீ எப்படிமா இங்க..." என்று இழுத்தார்.

"ஞாயித்துக்கெழமையானா நீங்க இங்கதான கெடப்பீங்க. வெல்டிங் பண்ற ஆளோட சட்டை அழுக்காகாமலே வருது. நானும் தெரியாத மாதிரி தொவைச்சுப் போட்டுகிட்டுதான் இருக்கேன். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்." டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தார். "ஆறிடும். சாப்புடுங்க."

திட்டியிருந்தால் அண்ணன் தடுத்திருப்பார். இதை அவரால் தடுக்க முடியவில்லை. கன்ட்ரோலர் மடியிலிருந்து நழுவியது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விம்மி விம்மி அழுதார். அந்த அம்மா டப்பாவைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் அண்ணனுடைய ஆள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். இத்தனை வருடமாக நான் ஏங்கிய சந்தர்ப்பம். இரண்டு உதை போதும். இன்னும் நேரம் இருந்தது.

நான் கன்ட்ரோலரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன். நேரம் தீரும்வரை இரண்டு பயில்வான்களும் சும்மா நின்றார்கள். அந்த ஆட்டத்திலும் பூட்டு அண்ணன்தான் ஜெயித்தார்.