வள்ளத்து எண்ணெய் குடித்த கிட்டார்

வாயைத் திறக்காதவர்களுக்கு விவரம் அதிகம் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. என் விஷயத்தில் அந்த நம்பிக்கை ஐம்பத்தைந்து வயது வரை பழுதில்லாமல் ஓடியது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி, கோயிலில் கடைசி வரிசை, குடும்பத்துப் பேச்சுவார்த்தையில் கதவுக்குப் பின்பக்கம். இதுதான் என் இடம். "பிலோமி பேசமாட்டா, ஆனா எல்லாத்தையும் உள்ள வச்சிருப்பா" என்று நாத்தனார்மார் கொஞ்சம் பயந்தே இருந்தார்கள். (உள்ளே ஒன்றும் இருக்காது. அடுப்பில் சோறு குழைந்திருக்குமோ என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும்.) அந்த நல்ல பெயரை ஒரு கிட்டாரும் ஒரு டின் எண்ணெயும் சேர்ந்து ஒரே திருப்பலியில் முடித்து வைத்தன.

கிட்டார் என் மகள் ஷைனியுடையது. கடையில் வாங்கியது இல்லை, அவளே செய்தது. நர்சிங் படித்த காலத்தில் விடுதியில் யாரிடமோ வாசிக்கப் பழகிவிட்டு வந்திருந்தாள். நாலு கம்பி உள்ள பேஸ் கிட்டார். பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று ஒரு சத்தம் நிற்குமே, அதற்கானது. எங்கள் பாடற்குழுவில் அதற்கு ஆள் கிடையாது. திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாகர்கோவிலில் இருந்து ஒருவர் வந்து வாசித்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மீன்பிடிக்கப் பைபர் வள்ளம் வந்த பிறகு எங்கள் பழைய மரவள்ளம் உடைந்து, அதன் அயனிமரப் பலகைகள் வீட்டுக்குப் பின்னால் கிடந்தன. ஒருநாள் ஷைனி தன் அப்பாவிடம் கேட்டாள்.

"எப்பா, அந்த அயனித்தடியில ஒரு துண்டு எடுத்துக்கிடட்டா?"

"எதுக்குட்டி, அடுப்புக்கா?"

"கிட்டாருக்கு."

"அடுப்புக்குன்னு சொல்லியிருந்தா சந்தோசமாத் தந்திருப்பேன்" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் இழைப்புளியை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். அறுத்தாள், செதுக்கினாள், இழைத்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்பக்கத்துக் கொட்டகைக்குள் போய்விடுவாள். திரும்பி வரும்போது புட்டுமாவில் உருண்டவள் மாதிரி இருப்பாள்.

பாடற்குழுவை நடத்திய சேவியர் சார் ஒருநாள் வந்து கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொள்ளாம் மக்கா. திருவிழாத் திருப்பலிக்கு முன்னால முடிச்சிட்டியானா நீ வாசி. இல்லன்னா வழக்கமா வாற ஆளு வருவாரு. பாதிப் பாட்டுல எடக்குப் பண்ணிச்சுன்னா ஸ்பீக்கர் வயரைப் புடுங்கிருவேன், கேட்டியா?"

அந்தச் சமயம் பார்த்து ஷைனிக்குக் குவைத் விசாவும் வந்துவிட்டது. திருவிழா முடிந்ததும் பயணம். ஊரில் அவளுக்கு இந்த ஒரு திருவிழாதான். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமோ, யாருக்குத் தெரியும்? அவள் அதை வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. (பேசாத விஷயத்தில் அவள் என் பிள்ளைதான்.)

முதலில் சாயம். கடல் நீலம் வேண்டும் என்று நாகர்கோவில் பெயின்ட் கடையில் நீலப்பொடி வாங்கி வந்து ஸ்பிரிட்டில் கரைத்தாள். கிட்டாரின் வயிற்றுப் பாகத்தை நான் பிடித்துக்கொள்ள, அவள் துணியில் முக்கித் தேய்த்தாள். அயனி நல்ல மஞ்சள் மரம். மஞ்சளில் நீலத்தைப் பூசினால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரம் பார்த்து அது மறந்துபோயிற்று. தேய்க்கத் தேய்க்கப் பச்சையாகிக்கொண்டே போனது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கொள்ளாமே, பச்சக்கிளி! பேச்சும் வருமா?"

ஷைனி அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு (மூக்கும் நீலமாயிற்று) உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்துக் களைந்து, நீலத்தோடு கொஞ்சம் கறுப்பும் சேர்த்து மறுபடி பூசினாள். இந்தத் தடவை மழைக்கு முந்தின கடல் மாதிரி ஒரு நிறம் வந்தது. எங்கள் கைகள் முழங்கை வரை நீலம். மீன் வாங்கப் போன இடத்தில், "எக்கா, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

சாயம் காய்ந்ததும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெயாம். கைக்கு அடக்கமான சின்ன டின். அதைத் துணியில் தொட்டு ஒரு தடவை பூசிவிட்டு, விசா மெடிக்கலுக்காகத் திருவனந்தபுரம் புறப்பட்டாள். போகும்போது சொன்னாள்:

"எம்மா, நான் வாறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவ எண்ணெ தேய்க்கணும். கொஞ்சமாத் தொட்டு, நல்லாத் தேச்சு, மிச்சத்தத் தொடச்சிரணும். செய்வியா?"

தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை.

மறுநாள் அந்த டின்னைத் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அதைத் தேய்த்துப் பார்த்தால் மினுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இது என்ன மரம்? அயனி. அயனிக்கு எண்ணெய் எப்படிப் போடவேண்டும் என்று வள்ளக்காரன் மகளுக்கு, வள்ளக்காரன் பெண்டாட்டிக்கு, பெயின்ட் கடைக்காரனா சொல்லித் தரவேண்டும்? சின்ன வயசில் எங்கள் அப்பா வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயை வாளியில் வைத்துக்கொண்டு பூசுவார். அதைக் குடித்த மரம் உப்புத்தண்ணீரில் தலைமுறைக் கணக்கில் கிடக்கும்.

எங்கள் கொட்டகை மூலையிலும் பழைய வள்ளத்துக்கு வாங்கின சுறா எண்ணெய் அரை டின் இருந்தது. பைபர் வந்ததில் இருந்து அது திறக்கப்படவே இல்லை. மூடியை நெம்பித் திறந்தேன். பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்சமாகத் தொடவில்லை. ஊற்றினேன். உள்ளங்கையால் வழித்து வழித்துத் தேய்த்தேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பாடுகிற பாட்டுகூட வாயில் வந்தது. மரம் குடித்தது. மினுங்கியது. கை கொஞ்சம் நீலமாயிற்று. அது முன்னாலேயே நீலமாக இருந்த கைதானே என்று விட்டுவிட்டேன்.

ஷைனி திரும்பி வந்து பார்த்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எம்மா! கண்ணாடி மாதிரிலா மினுங்குது! அந்த எண்ணெயா இது?"

"எண்ணெதான்" என்றேன். (பொய் இல்லை.)

"ஏன் லேசா ஒட்டுது?"

"மழக்காத்துலா அடிக்கி."

மூக்கைச் சுளித்து, "என்னமோ வாசம் வருதே" என்றாள். நான் அப்போது அடுக்களை வாசலில் சாளைமீன் அரிந்துகொண்டிருந்தேன். அவள் சாளையைப் பார்த்தாள், சமாதானமானாள். கடற்கரை வீட்டில் மீன்வாசத்துக்கு யார் காரணம் தேடுவார்கள்? கிட்டாரின் கழுத்தைப் பூட்டி, கம்பியை முறுக்கி, அன்றைக்கே வாசித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் கேட்டது.

திருவிழாத் திருப்பலி. பாடற்குழுப் பெண்களுக்கு அந்த வருஷம் வெள்ளைச் சேலை. பீடத்துக்கு இடப்பக்கம் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஷைனி நின்றதைக் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். ஒல்லிப்பிள்ளை, கிட்டார்தான் பெரிசாகத் தெரிந்தது. சிறப்பு அழைப்பில் பூசை வைக்க வந்த சாமியாருக்கு அஞ்சுகிராமம் பக்கம் சொந்த ஊர். வயலும் வாழையும் பார்த்து வளர்ந்த மூக்கு. பாடற்குழுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் கைக்குட்டையை எடுத்ததைக் கவனித்தேன். பாவம், சளிபோல என்று நினைத்தேன்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பழத்தட்டு, பூத்தட்டு, அதற்குப் பின்னால் ஒருவர் பெரிய நெய்மீன் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு பவனியாகப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால், வரிசை தப்பாமல், பக்தியாக மூன்று பூனைகள் போயின.

நெய்மீனுக்குத்தான் வருகின்றன என்று எல்லோரும் நினைத்தோம். பூனைகள் நெய்மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் மகளிடம் போயின. ஒன்று அவள் காலடியில் உட்கார்ந்தது. ஒன்று சேலையைச் சுற்றி உரசியது. மூன்றாவது ஒரு தடியன். அது பின்காலில் எழுந்து நின்று, முன்காலைச் சேலையில் ஊன்றி, கிட்டாரின் அடிப்பாகத்தை நக்கத் தொடங்கியது.

ஷைனி வாசிப்பை விடவில்லை. பூனையை முழங்காலால் தள்ளிக்கொண்டே வாசித்தாள். கிட்டாரை அவள் கொஞ்சம் நகர்த்தியபோது பார்த்தேன். வெள்ளைச் சேலையின் வயிற்றுப்பக்கம் முழுக்க நீலம். நான் ஊற்றிய எண்ணெய் சாயத்தையும் இளக்கிக் கொண்டுவந்திருந்தது. பெண்கள் பக்கம் கெக்கெக்கே என்று சிரிப்பு. விரல் தடுமாறி வேறு கம்பியில் விழுந்தது. சேவியர் சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தார். வயரைப் பிடித்தார்.

அந்த எழவு என்னால்தான் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எப்படி எழுந்தேன், எப்படி அந்த நீளக் கோயிலைக் கடந்தேன் என்று இன்றுவரை தெரியாது. சாரின் பக்கத்தில் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னேன்:

"சாரே, வயரைப் புடுங்காதிய. பிள்ள மேல குத்தமில்ல. நாந்தான் வள்ளத்து எண்ணெயப் போட்டுட்டேன். அயனித்தடிலா, குடிக்கும்னு நெனச்சேன்."

எனக்கும் அவர் காதுக்கும் நடுவில் பாடற்குழுவின் மைக் இருந்தது.

கோயிலுக்குள் இருந்த பெட்டிகளிலும், வெளியே கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய்களிலும், கடற்கரை வரைக்கும் என் குரல் போனது. பாட்டு நின்றுவிட்டது. ஷைனி என்னைப் பார்த்தாள்.

"எம்மா... மீனெண்ணெயா?"

அவளும் மைக்குக்கு முன்னால்தான் நின்றாள்.

"சுறா எண்ணெ மக்கா. நல்ல எண்ணெ" என்றேன், ஊருக்கே கேட்க.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. நெய்மீனை ஏந்தியவர் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஷைனி மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, வயரைப் பிடித்திருந்த சாரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சக்தி இல்லை.

சாமியார் கைக்குட்டையை மடித்து வைத்தார். "மீன் பிடிச்ச புனித இராயப்பர் கையிலயும் இந்த வாசந்தான் இருந்திருக்கும்" என்றார். "சார், வயரை விடுங்க. யாராவது அந்தப் பூனைகளை மட்டும் வெளியே கொண்டுபோங்க. நீ வாசிம்மா."

யாராவது என்றால் யார்? நான்தான். கைக்கு ஒன்றாக இரண்டு பூனைகளைத் தூக்கிக்கொண்டு நடுக்கோயிலில் நடந்தேன். அந்தத் தடியன் என் கையை மோந்துகொண்டே பின்னால் வந்தான். வெளியே பந்தலுக்கு வந்து சேரவும் உள்ளே பாட்டு மறுபடி தொடங்கவும் சரியாக இருந்தது.

தும்... தும்... தும்...

வள்ளம் கரைக்கு வரும்போது அடிப்பலகை மணலில் தட்டும். வீட்டில் இருந்தாலும் அந்தச் சத்தம் நெஞ்சுக்குத் தெரியும், ஆள் வந்தாச்சு என்று. அது அந்த மாதிரி இருந்தது. ஒரு கம்பியும் தப்பவில்லை.

பந்தலில் நின்ற என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் குரலை அவ்வளவு சத்தமாக அவர் கேட்டது அன்றைக்குத்தான். ஒரு பூனையை வாங்கிக்கொண்டார். பாட்டு முடிகிறவரை அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சவத்து அயனித்தடி" என்றார் பிறகு. "என்னமாக் கேக்கு, பாரு."

அதற்கப்புறம் கடலைமாவு, எலுமிச்சம்பழம், சோப்புத்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. மேல்பிசுக்குப் போயிற்று, வாசம் போகவில்லை. அயனி குடித்தது குடித்ததுதான். ஷைனி அதை அப்படியே துணியில் சுற்றிக் குவைத்துக்குக் கொண்டுபோனாள். ஊரில் மிஞ்சியது நான். இப்போதும் திருவிழாவுக்கு மைக் கட்டுகிறவன் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லிச் சோதிப்பதில்லை. "சுறா எண்ணெ, நல்ல எண்ணெ" என்றுதான் சோதிக்கிறான். அந்தக் காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்துகின்றன.

குவைத்தில் அவள் தங்கின இடத்தில் நம் கடற்கரைப் பக்கத்து நர்சுப் பிள்ளைகள் நிறைய. முதல் கோடையில் ஒருநாள் போனில் சொன்னாள்: "எம்மா, கரண்டு போயி ரூம் சூடாச்சுன்னா கிட்டாரு மணக்கத் தொடங்கிரும். கொளச்சல்காரி ஒருத்தி வந்து அதுல மூக்க வச்சுக்கிட்டு அழுதா. இப்ப நைட் டூட்டி முடிஞ்சு வாறவளுவ எல்லாம் ஒரு தடவ மோந்து பாத்துட்டுத்தான் படுக்காளுவ." "நீயும் பாப்பியா?" என்று கேட்டேன். "நான் கெட்டிப் பிடிச்சுக்கிட்டுலா வாசிக்கேன்" என்றாள்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபோது, பேறுகாலம் பார்க்க நானும் குவைத் போனேன். முதல் தடவை பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அன்று, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "எண்ணெக் குப்பிய எடு" என்றேன். ஷைனி எடுத்துத் தரவில்லை. தானே வந்து என் உள்ளங்கையில் அளவாக ஊற்றினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கையை மோந்து பார்த்தாள்.

"தேங்காயெண்ணெதான்" என்றாள் தன் புருஷனிடம். "சரி, இனி தேய்க்கட்டும்."