இடியப்பத்துக்குக் கீழே

"இதோட வெளிக்கிட்டால் நீங்கள் வீட்டுக்குத் திரும்ப மாட்டியள்," என்றாள் கனகேஸ்வரி.

நாகேந்திரம் கையிலிருந்ததைப் பார்த்தார். பதினைந்து வருடப் பழைய டிவியின் சர்க்கிட் போட். ஊதிப்போன கண்டென்சர்களை மாற்றி, விட்டுப்போன ஈயத்தைத் திரும்பப் பற்றவைத்து, மூன்று நாள் அதோடு மாரடித்து உயிர் கொடுத்திருந்தார். தன் சிநேகிதனுடையது என்று கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் கொண்டுவந்தது. நாளைக்கு உலகக் கிண்ண இறுதியாட்டம். இன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று நாகேந்திரம் வாக்குக் கொடுத்துவிட்டார். இருபது வருடமாக வெள்ளவத்தையில் டிவி திருத்துகிறார்; ஊருக்கே அவர் 'டிவி பாஸ்'. ஒருநாளும் வாக்குத் தவறியதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆனால் சண்டைக் காலத்துக் கொழும்பில், நாலு பக்கமும் வயர் தொங்கும் அந்தத் தகட்டைப் பார்க்கிற எந்தப் பொலிஸ்காரனுக்கும் டிவி ஞாபகம் வராது; குண்டுதான் வரும்.

"ஒஸ்வால்ட் இதைக் கையில பிடிச்சுக்கொண்டுதானே வந்தவன்?"

"அவனை ஒருத்தரும் மறிக்கிறேல்லை. உங்கட அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டெல்லோ கிடக்கு!"

தமிழ்ப் பேப்பரில் சுற்றினார்.

"தமிழ்ப் பேப்பரோ? நல்லாய்த்தான் இருக்கும்."

சிங்களப் பேப்பரில் சுற்றினார்.

"உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமோ? இன்னும் சந்தேகப்படுவாங்கள்."

கடைசியில் பிஸ்கட் டின். அடியில் போட், மேலே வாழையிலை, அதற்கும் மேலே இருபது இடியப்பம்.

பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் டின்னையே பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன?"

"இடியப்பம்."

"இடியப்பம் ஏன் கடகடவெண்டு சத்தம் போடுது?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் எழும்பிப் பின்னால் போய்விட்டார்.

பம்பலப்பிட்டி தாண்டுமுன் பஸ் நின்றது. செக் பொயின்ட். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். முன்னால் ஒரு பெண்ணின் சவர்க்காரப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

நாகேந்திரம் மெல்ல ஒழுங்கைக்குள் திரும்பினார். ரயில் பாதையைக் கடந்தார். கண்ணை மூடிக்கொண்டு டின்னைக் கடலுக்குள் எறிந்தார். இருபது வருட வாக்கு இருபது இடியப்பத்தோடு சேர்ந்து போனது. அழுகை வந்தது. என்றாலும் உயிர் பெரிதல்லவா?

வெறுங்கையை வீசிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். இனி யாருக்குப் பயம்?

சார்ஜன்ட் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நாகேந்திரம்? வெள்ளவத்தை டிவி பாஸ்?"

"ஓ... ஓம், சேர்."

"இந்தப் பக்கம் வாங்க."

நாகேந்திரம் போனார். சார்ஜன்ட் அவர் தோளில் கை போட்டு, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"இன்னைக்கு இந்த வழியாத்தான் வருவீங்க என்டு ஒஸ்வால்ட் தம்பி சொன்னது. கொட்டாஞ்சேனைக்குப் போக வேணாம், என்ட டிவி போட்டை இங்கேயே தாங்க!"